ஜொகூரில் டீக்கடை பார்க்கும் படலம்

என் அண்ணன் மாணிக்கம் அறுபதை நெருங்கும் வயதில் பெண் பார்க்க மலேசியாவில் இருக்கும் ஜொகூர் பாருவுக்குப் புறப்பட்டான். துணைக்குத் தங்கை நானும் போனேன். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவன் என்பதால் 'அவன்' என்றே எழுதுகிறேன். மரியாதை எதிர்பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

எல்லோரும் பெண் வீட்டுக்குப் போய், சொஜ்ஜி பஜ்ஜி தின்றுவிட்டு, ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்பார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. பெண் போனிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"வீட்டுக்கெல்லாம் வேணாம் சார். எனக்கு லீவு அன்னிக்கு சாயங்காலம் எங்கயாச்சும் உக்காந்து தண்ணி குடிக்கலாம். எடத்த நீங்களே பாருங்க."

"தண்ணி குடிக்கவா கடல் தாண்டி வரச் சொல்றா?" என்று அண்ணன் முகம் வாடினான். எனக்கு அதைவிட மோசமான அர்த்தம் தோன்றியது. கோவில்பட்டியில் சாயங்காலம் உட்கார்ந்து தண்ணி என்றால் ஒரே அர்த்தம்தான். அந்த ஊரில் டீ, காப்பி, பழரசம் எல்லாமே தண்ணிதான் என்பது போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

பெண்ணின் பெயர் இந்திராணி. செடெனாக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வீடு ஸ்கூடாயில். கணவர் இறந்து பல வருஷம் ஆகிறது. ஒரே மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். அண்ணனுக்கும் இவருக்கும் பழக்கம் உண்டானது ஒரு மாடித்தோட்டக் குழுவில். அண்ணன் தன் கத்திரிச் செடியின் படத்தைப் போட்டு, இலை ஏன் சுருண்டுபோகிறது என்று கேட்டிருக்கிறான். இந்திராணி வேப்பெண்ணெய் தெளிக்கச் சொல்லியிருக்கிறார். செடி செத்துவிட்டது. பேச்சு மட்டும் வளர்ந்துவிட்டது. காதலாவது கத்திரிக்காயாவது என்று இனி நான் யாரையும் கேலி செய்ய முடியாது.

என் நோக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அண்ணி போய்ச் சேர்ந்த பிறகு, பக்கத்துத் தெருவில் இருக்கும் என் வீட்டிலிருந்துதான் அண்ணனுக்குத் தினமும் டிபன் கேரியர் போகிறது. ரசத்தில் உப்பு கம்மி என்று கேரியருக்குள்ளேயே சீட்டு எழுதி அனுப்புகிறவன் அவன். அந்தக் கேரியரை நல்லபடியாக இன்னொருத்தர் கையில் ஒப்படைத்துவிட வேண்டும் என்ற ஒரே லட்சியத்தோடுதான் நான் விமானம் ஏறினேன்.

முதல் நாள் காலை, டவுனைச் சுற்றிப் பார்த்து நல்ல டீ இடமாகத் தேடலாம் என்று கிளம்பினோம். சாலையோரம் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பஸ் வந்தது. அவர்கள் ஏறினார்கள், நாங்களும் ஏறினோம். கண்டக்டர் இல்லை, டிக்கெட் இல்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை.

"நம்ம ஊர்ல பொம்பளைகளுக்கு மட்டும்தான் ஓசி. இங்க ஆம்பளைக்கும் உண்டு போலட்டி. நாடுன்னா இது நாடு" என்று அண்ணன் ஜன்னலோரம் சாய்ந்துகொண்டான்.

பஸ்ஸில் எல்லோரும் ஒரே நீலச் சட்டை போட்டிருந்ததை நான் கவனித்தேன். ஏதோ கல்யாணக் கோஷ்டி என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து முன் சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க எந்த லைன்?"

"கோவில்பட்டி லைன்" என்றேன்.

அவள் என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது பாக்டரி பஸ்சுக்கா. வேலைக்குப் புதுசா சேந்திருக்கீங்களா? இந்த வயசுலயா? அலமாக்!"

இறங்கலாம் என்றால் பஸ் நெடுஞ்சாலையில் பறந்துகொண்டிருந்தது. கடைசியில் இறக்கிவிட்ட இடம் பாசிர் கூடாங். புகைபோக்கிகள், ராட்சத எண்ணெய்த் தொட்டிகள், வரிசையாகக் கண்டெய்னர் லாரிகள். காற்றில் புதுச் செருப்பு வாசனை. சுற்றுலா வந்தவர்கள் எடுத்துக்கொண்ட முதல் புகைப்படம், ஒரு தொழிற்சாலை கேட்டின் முன்னால் 'அனுமதியின்றி நுழையாதே' பலகையோடு.

அண்ணன் திடீரென்று கைக்குட்டையை எடுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டான்.

"என்ன வெயிலா?"

"அவ இங்கதான வேலை பாக்குறா! கண்ணுல பட்டா வேவு பாக்க வந்திருக்கோம்னு நெனைக்க மாட்டாளா?"

எந்த வேவுகாரனும் பூப்போட்ட கைக்குட்டையை முக்காடு போட மாட்டான் என்று சொல்லி, அவனைக் கேட்டுக்கு எதிரே இருந்த ஒரு சாலையோர ஒட்டுக்கடைக்கு இழுத்துப் போனேன். டீ கேட்டோம். கடைக்காரர் டீயை ஒரு பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஓரத்தில் கயிறு கட்டி, உள்ளே ஒரு உறிஞ்சுகுழலைச் சொருகிக் கையில் தொங்கவிட்டார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு எடுத்துப் போவது மாதிரி இருந்தது. கெட்டிப்பால் போட்ட டீ. இனிப்பில் பல் கூசியது. ஆனால் குடித்து முடித்ததும் இன்னொன்று குடிக்கலாம் போலிருந்தது.

அப்போது ஷிஃப்ட் முடிந்து பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். ஆளுக்கொரு பை டீயை வாங்கி மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, சிலர் நின்றபடியே உறிஞ்சிவிட்டு, பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். இந்திராணி அவர்களில் இல்லை. ஆனால் அண்ணன் உருகிப்போய் நின்றான்.

"பாத்தியா கோமதி? என்ன எளிமையான ஜனம்! பகட்டே கிடையாது. இவங்களுக்கு ஒரு நல்ல டீ இருந்தா போதும்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டால் அது தப்பாகத்தான் இருக்கும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு ஏனோ எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

திரும்பி வர ஒரு வாடகைக் கார் கிடைத்தது. டிரைவர் குணா, தமிழர். பேச்சு கொடுக்காமலே பேசுகிறவர். மறுநாள் எங்களை டீக்கடை டீக்கடையாகக் கூட்டிப்போக அவரே முன்வந்தார்.

இரண்டாம் நாள் முதலில் போனது கடலைப் பார்த்த ஒரு பெரிய ஹோட்டல். எதிர்க்கரையில் சிங்கப்பூர் தெரிந்தது. மூன்று தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, கோயில் தீபம் மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார்கள். கீழ்த்தட்டில் விரல் பருமனுக்கு வெட்டிய ரொட்டி, நடுவில் வெள்ளரிக்காய். காய்ச்சல்காரனுக்குக் கூட எங்கள் ஊரில் இதைவிடக் காரமாகக் கொடுப்பார்கள். நடுத்தட்டில் ஸ்கோன் என்று ஒன்று. பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் பிறந்து இரண்டு குடும்பமும் ஏற்றுக்கொள்ளாத பிள்ளை போலிருந்தது. மேல்தட்டில் பொம்மைக் கல்யாணத்துக்குச் செய்தது மாதிரி குட்டிக் குட்டிக் கேக்குகள். டீயை மட்டும் தனியாக, பாலைத் தனியாக, சர்க்கரையைத் தனியாக வைத்தார்கள்.

"கலக்குறதுக்குக் கூட ஆள் இல்லாத கடைக்கு இவ்ளோ பெரிய வாசலா?" என்றான் அண்ணன்.

அடுத்து, டவுனில் ஒரு பழைய சீனக் காப்பிக்கடை. பளிங்கு மேசை, சுழலும் மின்விசிறி, கரியடுப்பில் சுட்ட ரொட்டியில் தேங்காய் ஜாம். அற்புதம். ஆனால் பாதி ரொட்டி வாயில் இருக்கும்போதே பின்னால் ஒரு குடும்பம் வந்து நின்று, எப்போது எழுந்திருப்போம் என்று எங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்தக் கூட்டத்தில் அண்ணன் மனம் திறந்து பேசினால் அந்தக் குடும்பமும் ஆசீர்வாதம் பண்ண வேண்டியிருக்கும்.

மூன்றாவது, ஸ்கூடாயில் சாலையோரம், பெரிய மரத்தடியில் ஒரு டீக்கடை. பிளாஸ்டிக் நாற்காலிகள். டீ மாஸ்டர் இரண்டு குவளைகளுக்கு இடையில் டீயைக் கயிறு மாதிரி நீளமாக இழுத்தார். நுரை பொங்க வந்த 'தே தாரேக்' கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு டீக்குச் சித்தப்பா முறை. அண்ணன் கண்ணை மூடிக் குடித்தான். அது அன்றைக்கு அவனுடைய ஆறாவதோ ஏழாவதோ டீ. வயிறு அதற்குள் தனியாகப் பேச ஆரம்பித்திருந்தது.

"குணா தம்பி, நீங்க சொல்லுங்க. ஹோட்டலா, இங்கயா?"

குணா யோசிக்கவே இல்லை. "பொம்பளைங்கள பெரிய எடத்துக்கு கூட்டிட்டுப் போனா, இவன் என்னா நம்மகிட்ட படம் காட்டுறான்னு நெனைப்பாங்கண்ணே. சிம்பிளா போங்க. அவங்க நம்ம தோட்டத்து ஜனம்லா."

குணாவின் மனைவி அவரைவிட்டுப் போய் நெடுநாளாகிறது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியில்தான் சொன்னார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மரத்தடிக் கடைக்குச் சீக்கிரமே போய், ஆடாத நாற்காலிகளாக மூன்று தேடிப் பிடித்து உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் கல்லூரி மாணவர்கள் மடிக்கணினியைத் திறந்துவைத்து வறுத்த மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டி.வி.யில் பந்து விளையாட்டு. சாலையில் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.

ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. இறங்கியவரைப் பார்த்ததும் நான் எழுந்து என் புடவையைச் சரிசெய்துகொண்டேன்.

மயில் கழுத்து நிறத்தில் பட்டுப்புடவை. அகலச் சரிகை. தலையில் மல்லிகைச் சரம். கையில் முத்து வைத்த சின்னப் பை. குதி உயர்ந்த செருப்பு. அழகு நிலையத்தில் உட்கார்ந்து சீவிய கூந்தல். மாணவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். டீ மாஸ்டர் இழுத்த டீயை நடுவழியில் நிறுத்தினார்.

இந்திராணி சுற்றிலும் பார்த்தார். "இங்கயா?" என்றார். எங்களைக் கேட்டது போலில்லை. தன்னையே கேட்டுக்கொண்டது போலிருந்தது.

"வாங்க, வாங்க! அருமையான டீ" என்றான் அண்ணன்.

அவர் புடவையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சாய்ந்துகொள்ளவில்லை. டீ வந்தது. மேசையில் யாரோ சிந்திய குழம்பை டீக்காரப் பையன் துடைத்தபோது ஒரு சொட்டு அவர் முந்தானையை நோக்கிப் பறந்தது; அவர் சட்டென்று விலகிக்கொண்டார். டீ கிளாசைத் தொடாமல் தள்ளிவைத்தார்.

"சார், இந்தக் கடை என் வீட்டுக்குப் பின்னாடி ரோட்டுலதான் இருக்கு. நைட் ஷிப்ட் முடிஞ்சு வரப்பல்லாம் இங்கதான் பொட்டலம் கட்டிட்டுப் போவேன். காடிய நிறுத்தக்கூட மாட்டேன், கண்ணாடிய எறக்கி கைய நீட்டுவேன்."

"அப்படியா! பாத்தியா கோமதி, அவங்களுக்கும் இந்தக் கடைதான் பிடிக்கும்" என்றான் என் மேதாவி அண்ணன்.

"பிடிக்கும்னு நான் சொல்லலையே." குரல் உயரவில்லை. "எங்கம்மா தோட்டத்துல, காலையில பேர் கூப்புடுற பெரட்டுக் களத்துல நின்னுகிட்டே தேத்தண்ணி குடிச்சாங்க. நான் பாக்டரி கேட்டுல நின்னுகிட்டே குடிக்கிறேன். உக்காந்து, துணி விரிச்ச மேசையில, ஒருத்தங்க ஊத்திக் குடுத்து இதுவரைக்கும் குடிச்சதில்ல. நீங்களே எடம் பாருங்கன்னு சொன்னப்ப... சரி, விடுங்க."

அவர் எழுந்துகொண்டார். "நீங்க நல்லவங்கதான் சார். ஆனா என்னப் பாக்காமலே எனக்கு என்னா போதும்னு முடிவு பண்ணிட்டீங்க. என் வீட்டுக்காரரும் அப்படித்தான் இருந்தாரு."

நான் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு அக்கறையாக ஒரு டீ கிளாசைப் பார்த்ததில்லை. கேரியர் மறுபடியும் என் தலையில்தான் என்று தோன்றியது. அதைவிட, அந்தப் புடவையைக் காலையில் அலமாரியிலிருந்து எடுத்து, கண்ணாடி முன் நின்று மடிப்பு வைத்திருப்பாரே என்பதுதான் பெரிதாகப் பட்டது.

அண்ணன் எழுந்தான். கும்பிடு போட்டு வழியனுப்பப் போகிறான் என்று நினைத்தேன்.

"அந்தக் கடலோர ஓட்டலுக்குப் போலாம். இப்பவே."

"பரவால்ல சார்."

"எனக்குப் பரவாயில்லைன்னு இல்ல. நான் பண்ணுனது மடத்தனம். மடத்தனத்தோட என்னைய ஊருக்கு அனுப்பாதீங்க."

இந்திராணி கைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். "என் காடியிலயே போலாம். ஆனா இந்நேரத்துக்கு ஜேம் ஆயிருக்கும்."

ஆயிருந்தது. ஸ்கூடாய் நெடுஞ்சாலையில் அவ்வளவு காரையும் யாரோ பசை போட்டு ஒட்டிவிட்டது போலிருந்தது. நான் பின்சீட்டில் பெட்டி மாதிரி உட்கார்ந்திருந்தேன். முன்னால் இருவரும் நேராகச் சாலையைப் பார்த்தபடி பேசினார்கள். முகத்தைப் பார்க்காமல் பேச வேண்டியிருந்ததால்தானோ என்னவோ, பொய் எதுவும் வரவில்லை.

"உங்களுக்கு யாரு சமைக்கிறா?"

"தங்கச்சி."

"தெனமுமா?"

"தெனமும்."

கண்ணாடி வழியாக இந்திராணி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"அப்ப நான் வந்தா?"

"அத நான் நெனைச்சே பாக்கல" என்றான் அண்ணன்.

பின்சீட்டில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். எந்த மாப்பிள்ளையாவது இப்படி ஒரு பதிலைச் சொல்வானா?

"நெனைச்சுப் பாக்கலன்னு சொல்றீங்க. நானே சமைப்பேன், உங்கள ராணி மாதிரி வச்சுக்குவேன்னு அளந்து விடல" என்றார் இந்திராணி. "அதுக்காக நல்ல பதிலுன்னு நெனைச்சுக்காதீங்க. சமைக்க ஆள் தேடி வந்திருந்தா, ஓட்டல்ல எறங்கி கேக்கு சாப்பிட்டுட்டு அப்படியே ஏர்போட்டுக்குப் போயிரலாம்."

"சமைக்க ஆள் தேடல" என்றான் அண்ணன். முன்னால் நின்ற லாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ராத்திரி செடிக்குத் தண்ணி ஊத்திட்டு உங்களுக்கு மெசேஜ் போடுவேன்ல, நீங்க வேலைக்குக் கிளம்புற அவசரத்துலயும் பதில் போடுவீங்க. அந்தப் பதில் வராத அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல. அதான் வந்தேன். மத்தபடி ஒண்ணும் யோசிக்கல."

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். வழி கிடைத்து எவ்வளவு நேரமாயிற்றோ, இந்திராணி வண்டியை எடுக்காமல் இருந்தார்.

ஹோட்டலுக்குள் நுழைந்தபோது மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தலைக்குத் துணி சுற்றிய மலாய்க்கார மேனேஜர் அம்மாள் ஓடி வந்தார். டீ நேரம் முடிந்துவிட்டது, சமையலறை மூடியாயிற்று, நாளைக்கு வரலாம் என்று ஆங்கிலத்தில் பணிவாகச் சொன்னார். அண்ணனுக்கு ஆங்கிலம் படிக்க வரும், பேச வராது. இத்தனை வருஷத்தில் அவன் ஒரு ஆங்கில வாக்கியத்தை முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அவன் ஒரு அடி முன்னால் வந்து, இந்திராணியைக் காட்டி, ஒவ்வொரு வார்த்தையாகக் கோர்த்தான். "மேடம் பட்டுப்புடவை. நான், தப்பு. அவங்க இல்ல, நான் தப்பு. ப்ளீஸ்" என்பதுதான் அதன் தமிழாக்கம். 'பட்டு'க்கு ஆங்கிலம் அகப்படாமல் புடவையைப் பார்த்துக் கையால் அலை மாதிரி ஆட்டிக் காட்டினான்.

மேனேஜர் அம்மாள் புடவையைப் பார்த்தார், தலைப்பூவைப் பார்த்தார், வேர்த்து நின்ற அண்ணனைப் பார்த்தார். "அழகா இருக்கீங்க" என்றாராம் இந்திராணியிடம், மலாயில். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, கடல் தெரியும் மேசைக்கு அவரே வெள்ளைத் துணியை விரித்தார். வெள்ளரிக்காய் ரொட்டி தீர்ந்துவிட்டதாம். ஸ்கோனும் கேக்கும் இருப்பதைத் தருகிறோம் என்றார். வெள்ளரிக்காய் ரொட்டி தீர்ந்ததற்காக நான் மனசுக்குள் நன்றி சொன்னேன்.

மூன்றாவது நாற்காலியை இழுத்தார்கள். எனக்குக் கால் வலிக்கிறது, கொஞ்சம் நடந்தால் சரியாகும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கால் வலிக்கிறவள் நடப்பாளா என்று இருவருமே கேட்கவில்லை.

கண்ணாடிக்கு வெளியே நின்று, மரியாதையை மறந்து பார்த்தேன். இந்திராணி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பரிசாரகர் டீ ஊற்றும்போது கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஊற்றி முடிக்கும் வரை அதையே பார்த்தார். உதவிக்குக் கை நீட்டவில்லை. அண்ணன் ஸ்கோனைச் சட்னி இல்லாத இட்லியைப் பார்ப்பது போலப் பார்த்தான். அவர் அதை இரண்டாகப் பிளந்து எப்படி வெண்ணெய் தடவுவது என்று காட்டினார். அவருக்கும் அது முதல் தடவைதான். ஆனால் வீடியோவில் பார்த்துத் தயாராகத்தான் வந்திருந்தாராம்.

இருட்டத் தொடங்கியபோது என்னைத் தேடி வந்தவர் இந்திராணிதான்.

"அக்கா, நேரா சொல்லிர்றேன். நான் ஒங்க ஊருக்கு வரல. எனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கு, மக இங்க பக்கத்துல இருக்கா. கல்யாணம் கில்யாணம் இப்ப பேச வேணாம். அவரு ஒரு மாசம் இங்க வாடகைக்கு ரூம் எடுத்து இருக்கட்டும். அவரே பொங்கித் தின்னட்டும். அப்பறம் பாப்போம்."

"அண்ணன் என்ன சொன்னான்?"

"அரிசி எங்க கெடைக்கும்னு கேட்டாரு."

நான் ஊருக்குத் தனியாகத் திரும்பினேன். நான் குணாவின் வண்டியில் போய் இறங்க, வழியனுப்ப இருவரும் இந்திராணியின் காரில் செனாய் விமான நிலையத்துக்கு வந்தார்கள். அண்ணன் என் பெட்டியைத் தள்ளியபடி, ரசத்துக்கு எப்போது பெருங்காயம் போடுவது என்று இரண்டு தடவை கேட்டான். இந்திராணி சாதாரண பருத்திச் சட்டையில், ஷிஃப்ட் முடிந்து வந்த களைப்போடு நின்றார்.

"சரிப்பட்டு வரலன்னா திருப்பி அனுப்பிருவேன்கா. கோவிச்சுக்கக் கூடாது."

"சரிப்பட்டு வரலைன்னா இன்னொரு மாசம் வச்சுப் பாருங்க" என்றேன். "நாங்க அம்பது வருஷமா வச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றோம்."

அவர் வாயைப் பொத்தாமல் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

உள்ளே போய்ச் சோதனை வரிசையில் நின்றபடி திரும்பிப் பார்த்தேன். கையசைக்கலாம் என்று கையைத் தூக்கினேன். அவர்கள் என் பக்கம் பார்க்கவில்லை. காரை எங்கே நிறுத்தினோம் என்பதில் சண்டை. அண்ணன் இடது பக்கம் காட்டினான், இந்திராணி வலது பக்கம் காட்டினார். இருவரும் தலையாட்டி, கைநீட்டி, கொஞ்சம் குரலும் உயர்த்தினார்கள். பிறகு அண்ணன் இடது பக்கமே இன்னும் காட்டிக்கொண்டு, அவர் பின்னால் வலது பக்கம் நடந்து போனான்.

நான் கையை இறக்கிக்கொண்டு வரிசையில் முன்னால் நகர்ந்தேன்.